என் பெயர் வைத்த பூச்சி

என் கணவருக்கு எங்கள் தெருவில் பூச்சிக்காரர் என்று பெயர். தபால்காரர்கூட வாசலில் நின்று, "பூச்சிக்காரர் இருக்காரா? வெளிநாட்டுத் தபால்!" என்றுதான் குரல் கொடுப்பார். அந்த உறைகளுக்குள்ளே பெரிய பெரிய படிப்பாளிகள் அவரை "எங்கள் முன்னோடி" என்று எழுதியிருப்பார்கள். இங்கே அவர் பூச்சிக்காரர், நான் பூச்சிக்காரர் பெண்டாட்டி. பெருமைதான், போங்கள்.

அவர் செய்த வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். அவருக்கு முன்னால் பூச்சி ஆராய்ச்சி என்றால் பிடிப்பது, கொல்வது, குண்டூசியில் குத்துவது, லென்சு வைத்துக் கால் முள்ளை எண்ணுவது. "அதைச் சாகடிக்காதீங்கய்யா, உயிரோட விட்டுட்டு என்ன பாடுதுன்னு கேளுங்க" என்று முதன்முதலில் சொன்னவர் இவர். லென்சில் அச்சாக ஒன்றுபோலத் தெரிகிற இரண்டு பூச்சிகளைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துக் காட்டினார். பாட்டு வேறு, அதனால் இனமும் வேறு என்றார். எல்லாரும் சிரித்தார்கள். பூச்சிகளுக்குப் பாட்டு வாத்தியார் என்று, அவர் வேலை பார்த்த கல்லூரிச் சுவரிலேயே படம் வரைந்தார்கள். சிரித்தவர்களே பிறகு, வேறு வழியில்லாமல், அந்த முறையைப் பாடப்புத்தகத்தில் ஏற்றினார்கள். இத்தனைக்கும் அவரிடம் கருவி என்று ஒன்றும் கிடையாது. இரண்டு காது, ஒரு டார்ச் விளக்கு, முழங்கால் வரை பூட்ஸ். அந்தப் பூட்ஸைக் கழுவியே என் இளமை போயிற்று.

ஒரே ஒரு விதி வைத்திருந்தார். தன் காதால் கேட்டதை மட்டும்தான் எழுதுவார். பக்கத்தில் நின்றவர் சத்தியம் செய்தாலும் எழுத மாட்டார். யாரையும் கூட அழைத்துக்கொண்டும் போக மாட்டார். "ரெண்டு பேர் போனா ஒருத்தன் மூச்சுதான் இன்னொருத்தனுக்குக் கேக்கும்" என்பார்.

அவரோடு போன ஒரே ஆள் நான்தான், அதுவும் தெரியாமல். கல்யாணமான புதிது. எங்கள் வீட்டிலிருந்து சில தெரு தள்ளி, ஊர்க்கோடியில் ஒரு பழைய தண்ணீர்த் தொட்டி உண்டு. அதன் பின்னால் முள்ளும் கொடியுமாக ஒரு புதர்க்காடு. சாயங்காலம் காலாற நடந்து போனோம். நான் என் தங்கையின் கதையையும் அவள் தோழியோடு போட்ட சண்டையையும் மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டு போகிறேன். திடீரென்று என் முகத்துக்கு நேரே விரலை நீட்டி, "உஷ்!" என்றார். என்னைப் பெற்ற அப்பாகூட என்னை அப்படி அடக்கியதில்லை. முகம் சுட்டது எனக்கு. அந்த அமைதியில்தான் கேட்டது. பித்தளைத் தட்டில் ஊசியை இழுத்த மாதிரி, பல் கூசும்படி, மெலிசாக ஒரு சத்தம். இழுக்கும், நிறுத்தும், இரண்டு சொடுக்குப் போடும், மறுபடி இழுக்கும். இவர் முட்புதருக்குள் தலையைக் கொடுத்தவர்தான், இருட்டும்வரை எடுக்கவில்லை. வெளியே வந்தபோது கன்னமெல்லாம் ரத்தக் கீறல், கண்ணில் தண்ணீர்.

"இதை இதுக்கு முன்னால யாருமே கேட்டதில்ல," என்றார். "உலகத்துலயே நாம ரெண்டு பேர்தான்."

இலையைப் போலவே இருக்கிற பச்சைப் பூச்சி அது. வெட்டுக்கிளிக்கு ஒன்றுவிட்ட தம்பி, வீட்டு மூலையில் கத்துகிற சுவர்க்கோழிக்குப் பங்காளி. வாயால் பாடாது, சிறகோடு சிறகை உரசும். முள்ளுக்குள் இலையோடு இலையாக ஒட்டிக்கொண்டால் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. சத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் போக வேண்டும். அந்தப் புதர்க்காட்டை விட்டால் வேறு எங்கேயும் அது அவருக்குக் கிடைக்கவில்லை. புதிதாக ஓர் உயிரைக் கண்டவர் அதற்குப் பெயர் வைப்பது ஆராய்ச்சிக்காரர்கள் வழக்கம். என் பெயரை வைத்தார், பின்னால் வாயில் நுழையாத ஒரு லத்தீன் வாலை ஒட்டி.

"எனக்குத் தெரிஞ்ச பூச்சியிலேயே இதுக்குத்தான் குரல் உச்சம். கேட்டதும் உன் ஞாபகம்தான் வந்துது," என்றார்.

கோபத்தில் ஒரு நாள் முழுக்க அவரோடு பேசாமல் இருந்தேன். அவருக்கு அது தண்டனையா, பரிசா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் தங்கையிடம் மட்டும், "உன் வீட்டுக்காரர் உனக்கு நகைதானே போட்டார்? என் வீட்டுக்காரர் ஒரு ஜீவனுக்கே என் பேரைப் போட்டிருக்கார்" என்று பீற்றிக்கொள்ளத் தவறவில்லை.

வருடங்கள் ஓடின. மகள் பிறந்தாள், வளர்ந்தாள், வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனாள். அவர் ஓய்வு பெற்றார். என்னைவிட வயதில் ரொம்பவே மூத்தவர், ஆனாலும் மழைக்காலம் முடிந்தால் பூட்ஸை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

சாயங்கால மாத்திரையை மறக்கிறார் என்று மகள் அலாரம் அடிக்கிற ஒரு வாட்ச் வாங்கிக் கொடுத்தாள். அது அவர் மணிக்கட்டிலேயே கீச்சுக் கீச்சென்று உயிரை விடும். மனிதர் பாட்டுக்குச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருப்பார். நான் சமையலறையிலிருந்து, "காது கேக்கலையா?" என்று கத்துவேன். என் கத்தல் மட்டும் நன்றாகக் கேட்கும். "இந்த வாட்ச் அடிக்கறதே இல்ல, தண்டம்" என்று கடைக்கு எடுத்துக்கொண்டு போவார். கடைக்காரர் பேட்டரியை மாற்றி, "வாட்ச் நல்லாத்தான் இருக்கு சார்" என்று அனுப்பிவிடுவார். கல்யாணமான நாளிலிருந்து நான் கேட்டுவரும் கேள்விதான் அது, காது கேக்கலையா என்பது. பெண்டாட்டி பேச்சு செவிடன் காதில் ஊதிய சங்கு என்பது எந்த வீட்டில் இல்லை?

மகள் விடவில்லை. விடுமுறைக்கு வந்தவள் வம்படியாகக் காது டாக்டரிடம் இழுத்துப் போனாள். நானும் போனேன். டாக்டர் இவர் முதுகுக்குப் பின்னால் நின்று கிசுகிசுத்தார். இவர் ஒரு வார்த்தை பிசகாமல் திருப்பிச் சொன்னார். தட்டினால் ரீங்கரிக்கிற ஓர் இரும்புக் கவையைத் தட்டிக் காதருகே பிடித்தார். கேட்கிறது என்றார் இவர். "இந்த வயசுக்கு இது தங்கமான காதுங்க" என்று டாக்டர் தோளைத் தட்டிக்கொடுத்து அனுப்பிவிட்டார். இவர் அதைத் தெரு முழுக்கச் சொன்னார். மனிதர் பேசுவதைக் கேட்க அந்தக் காது போதும். பூச்சி பேசுவதைக் கேட்கிறவருக்குப் போதுமா என்று டாக்டருக்கும் தோன்றவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை.

அதற்கு அடுத்த மாதம்தான் நகராட்சி என்ஜினியர் வீட்டுக்கு வந்தார். இளவயது, மரியாதை தெரிந்த பிள்ளை. புதர்க்காட்டை எடுத்துவிட்டு அங்கே பேருந்துப் பணிமனை கட்டப் போகிறார்களாம். ஆனால் அந்தப் பூச்சி இருக்கும்வரை காட்டைத் தொடக் கூடாது என்று இவரே முன்பு அலைந்து திரிந்து வாங்கிவைத்த உத்தரவு ஒன்று இருந்தது.

"பூச்சி இன்னும் இருக்குன்னு நீங்க எழுதினா பணிமனை வேற இடத்துக்குப் போயிடும் சார். இல்லைன்னு எழுதினா காட்டை எடுத்துடுவாங்க. உங்க கையெழுத்துதான் முடிவு," என்றார்.

"இதுல என்ன சந்தேகம்? இருக்கும். மழை முடிஞ்சு பாட ஆரம்பிக்கட்டும், கேட்டுட்டு எழுதித் தர்றேன்," என்றார் இவர்.

மழை முடிந்தது. தினமும் சாயங்காலம் போனார். தினமும் முகம் தொங்கிப்போய் வந்தார். சுவர்க்கோழி கேட்கிறது, தவளை கேட்கிறது, தொட்டியில் சொட்டுகிற தண்ணீர்கூடக் கேட்கிறது, அது மட்டும் கேட்கவில்லை என்றார். மற்றதெல்லாம் கேட்கும்போது காதைச் சந்தேகப்பட யாருக்குத் தோன்றும்? அவருக்குச் சோறு இறங்கவில்லை. மகள் போனில், "மெஷின் வச்சு ரெக்கார்டு பண்ணிப் பாருங்களேன்பா" என்று சொன்னாள்.

"மெஷின் பதிவு பண்ணும்மா, கேக்காது. கேக்கறதுக்கு நான் இருக்கேன்," என்று போனை வைத்துவிட்டார்.

"நான் வேணா துணைக்கு வரட்டுமா?" என்றேன்.

"நீ வந்தா நீ பேசறதுதான் கேக்கும்."

சுருக்கென்றது. போகாமலே இருந்துவிட்டேன்.

பாடும் பருவம் முடிகிற நேரத்தில் ஒரு நாள் வந்தவர் பூட்ஸைக் கழற்றவில்லை. வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "போயிடுச்சும்மா. உன் பேரு வச்சது போயிடுச்சு," என்றார். தன் அப்பா செத்த அன்று ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மனிதர் அன்றைக்குச் சேறு படிந்த முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். பக்கத்தில் உட்கார்ந்து பூட்ஸின் கயிற்றை அவிழ்த்தேன்.

என்ஜினியர் மறுபடி வந்தார். விஷயத்தைக் கேட்டு, தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"சார், தப்பா நினைக்காதீங்க. எனக்கும் அந்தக் காடு போறதுல இஷ்டமில்ல. இருக்குன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்க. நான் மேல அனுப்பிடறேன். யாரு வந்து காதை வச்சுக் கேக்கப் போறாங்க?"

நானும் சேர்ந்துகொண்டேன். "ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம்னு சொல்றாங்க. ஒரு பொய் சொல்லி நாலு புதரைக் காப்பாத்தக் கூடாதா?"

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "கேக்காத ஒண்ணை நான் கேட்டேன்னு எழுதினா, இத்தனை வருஷம் கேட்டு எழுதினது அத்தனையும் பொய்னு ஆயிடும். தம்பி, நீங்க நல்லவர். அந்தப் பேனாவைக் குடுங்க," என்றார்.

"தற்போது இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஒளிக்காமல் சொல்கிறேன், அந்த நிமிஷம் அந்த மனிதரைக் கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது எனக்கு. இப்படி ஒரு ஆளுக்கு வாக்கப்பட்டோமே என்று நெஞ்சு நிமிர்ந்தது.

இயந்திரங்கள் வந்தன. அந்த உறுமல் எங்கள் வீட்டுக் கதவுவரை அதிர்ந்தது. அது அவருக்கு நன்றாகவே கேட்டது. ஜன்னல்களையெல்லாம் சாத்திவிட்டு உள்ளறையில் போய்ப் படுத்துக்கொண்டார். முள்ளைக் குவித்துக் கொளுத்தின புகை இரண்டு நாள் தெருவில் நின்றது. துவைத்த துணியெல்லாம் புகை நாற்றம் அடித்தது.

அதற்குப் பிறகு ஒரு சாயங்காலம். சமையலறையில் விளக்கைப் போட்டுவிட்டுப் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். பல் கூசியது. கரண்டிதான் உரசுகிறது என்று முதலில் நினைத்தேன். கையை நிறுத்தினேன். சத்தம் நிற்கவில்லை. பித்தளைத் தட்டில் ஊசி. இழுத்தது, நின்றது, இரண்டு சொடுக்கு, மறுபடி இழுத்தது. என் முகத்துக்கு நேரே ஒரு விரல் நீண்டு "உஷ்!" என்ற மாதிரி இருந்தது.

திரும்பினேன். ஜன்னல் திரையின் ஓரத்தில் ஒரு பச்சை இலை. இலைக்கு மீசை இருந்தது.

"என்னங்க! ஓடி வாங்க! வந்துடுச்சுங்க, உங்க பூச்சி வந்துடுச்சு!"

செய்தித்தாளைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். பார்த்தார். அந்த முகத்தை நான் செத்தாலும் மறக்க மாட்டேன். கல்யாணத்தன்று என்னைப் பார்த்துக்கூட அப்படி மலர்ந்ததில்லை. வாயைப் பொத்திக்கொண்டு, பூனை நடை நடந்து பக்கத்தில் போய்க் குனிந்தார். "உயிரோட இருக்கு," என்றார் மூச்சோடு மூச்சாக. "அசையாதே. பேசாதே. கொஞ்சம் பொறு, பயம் தெளிஞ்சதும் பாடும்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. சத்தம் காதைக் குடைந்துகொண்டிருந்தது.

"பாடிட்டுதானேங்க இருக்கு," என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். மறுபடி பூச்சியைப் பார்த்தார். அதன் சிறகுகள் தூக்கி நின்று, கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் நடுங்கின. சிறகு அப்படி நடுங்கினால் என்ன அர்த்தம் என்று உலகத்துக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். வலது காதைத் திரைக்குக் கிட்டத்தில் கொண்டுபோனார். பிறகு இடது காதை. பிறகு ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"பாடியிருக்கு," என்றார். "அங்க தினமும் பாடியிருக்கு. நான் அதுங்க நடுவுலயே நின்னுக்கிட்டு, இல்லன்னு எழுதிக் குடுத்துட்டேன்."

"எந்தக் கடன்காரன் இதைத் தங்கமான காதுன்னு சொன்னான்? வாங்க, இப்பவே போய் அந்த டாக்டர் சட்டையைப் பிடிக்கறேன்!" என்று கத்தினேன். யார் மேலாவது கத்தாவிட்டால் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும் போல இருந்தது.

"அவர் சரியாத்தான் சொன்னார். வயசானா உச்சக் குரல்தான் முதல்ல கேக்காமப் போகும். அவர் பார்த்தது மனுஷக் காதை," என்றார்.

மறுநாள் விடிந்ததும் என்ஜினியரைத் தேடிக்கொண்டு அந்த இடத்துக்கே போனோம். தொட்டி மட்டும் நின்றது. மற்றதெல்லாம் துடைத்துவிட்ட தரை. இவர் விஷயத்தைச் சொல்லி, எழுதிக் கொடுத்ததைத் திருப்பித் தரச் சொன்னார். அந்தப் பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது. "தர்றேன் சார். கிழிச்சே போட்டுடறேன். ஆனா இனிமே எதை சார் நிறுத்தறது?" என்றார்.

பூச்சியை ஒரு வலைப்பெட்டியில் வைத்து, வெள்ளரித் துண்டு போட்டு வளர்த்தார். பாடுவது ஆண்தானாம். பெண் பாடாது, பாட்டைக் கேட்டு வரும். எங்கேயாவது ஒரு பெண் தப்பியிருந்தால் இந்தப் பாட்டுக்கு வந்து நிற்கும் என்று தினமும் சாயங்காலம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினோம். இப்போது என்னைக் கூட்டிக்கொண்டுதான் போனார். பெட்டியைப் பணிமனையின் பாதி எழும்பின சுவரில் வைத்துவிட்டு, வேலி ஓரம், சாக்கடை ஓரம், பக்கத்து வீட்டுத் தோட்டம் எல்லாம் நடந்தோம். வேறு ஆண் எங்கேயாவது பாடுகிறதா, அங்கே ஒரு கூட்டம் தப்பியிருக்கிறதா என்று நான் கேட்க வேண்டும்.

"உங்க பூச்சி உலகத்துல பொம்பளைங்க வாயே திறக்க மாட்டாங்களா? அதான் நீங்க அங்கயே குடியிருந்தீங்க," என்றேன் முதல் நாள். சிரித்தார். அதுதான் நான் பார்த்த கடைசிச் சிரிப்பு.

"எனக்கு ஆறுதலா எதுவும் சொல்லாதே," என்று முன்னமே சொல்லிவிட்டார். "கேட்டா கேட்டதுன்னு சொல்லு. கேக்கலன்னா கேக்கலன்னு சொல்லு."

ஒவ்வொரு வேலியிலும் நின்று என் முகத்தைப் பார்ப்பார். கூட்டத்தில் தொலைந்த பிள்ளை பெற்றவளைத் தேடுகிற மாதிரி பார்ப்பார். "இங்க இல்லைங்க" என்பேன். அடுத்த வேலிக்குப் போவோம். "இங்கயும் இல்லைங்க." ஒரே ஒரு இடத்திலாவது "இருக்குங்க" என்று சொல்லிவிட என் நாக்கு துடித்தது. கடவுளே, ஒரு பொய்தானே! ஆனால் அவருடைய காதாக என்னை வைத்துக்கொண்டிருக்கிறார். அந்தக் காதுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

சுவர்மேல் பெட்டிக்குள் அது கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இதற்கா வாயில்லை? இருட்டும்வரை ஓயாமல் கூப்பிட்டது. யாரும் வரவில்லை. வீட்டுக்குத் தூக்கிவந்தால் அங்கேயும் கூப்பிட்டது. "இன்னும் பாடுதா?" என்று கேட்பார். "பாடுதுங்க" என்பேன். என் பெயர் வைத்த ஜீவன் யாருமில்லாத ஊரில் நின்று யாரையோ கூப்பிடுவதைக் கேட்டுக்கொண்டே சமைத்தேன், சாப்பிட்டேன், விளக்கை அணைத்தேன்.

போகப்போக இழுப்பு குறைந்தது. சொடுக்கு ஒன்றாகிவிட்டது. அவரிடம் அதையும் சொன்னேன். தலையை ஆட்டினார். "வயசாகுது அதுக்கு," என்றார்.

நேற்றுச் சாயங்காலம் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினோம். தெரு முனை தாண்டும் முன்பே நான் நின்றுவிட்டேன். அவரும் நின்றார். என் முகத்தைப் பார்த்தார்.

"என்ன?"

பெட்டியை வாங்கிக் காதோடு வைத்துக்கொண்டேன். வலைக்குள்ளே வெள்ளரித் துண்டுக்குப் பக்கத்தில் அது சாய்ந்து கிடந்தது, கால்களை மடக்கிக்கொண்டு. விரலால் பெட்டியைத் தட்டினேன். அசையவில்லை.

"சொல்லு," என்றார்.

"கேக்கலைங்க," என்றேன். "எனக்கும் கேக்கல."

அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. வலைக்குள் குனிந்து பார்த்தார்.

"அப்போ நான் எழுதிக் குடுத்தது சரியாப் போச்சு," என்றார்.

காலமெல்லாம் வாய் மூடாதவள் நான். பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அவர் கையைப் பிடித்தேன். அவர் மணிக்கட்டில் வாட்ச் கீச்சுக் கீச்சென்று கத்திக்கொண்டிருந்தது, மாத்திரை நேரம். நான் வேறு ஏதாவது சொல்வேன் என்று அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.